விதைக்கும் முன் நூறு விதை எண்ணுவோம்



நம் உறுப்பினர்கள் பலர் குழுவில் கடன் வாங்கித்தான் உளுந்து விதைக்கிறார்கள். விதை சரியா முளைக்கலேன்னா விதைக் காசு மட்டுமா போகுது? உழவுக் கூலி, ஆள் கூலி, பருவம் எல்லாமே போகும். கடன் தவணை மட்டும் நிற்கும். எத்தனை முளைக்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணக்கிட முடியும்.

எப்படிச் சோதிப்பது?

மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் விதை எடுத்துக் கலந்து, 100 விதை எண்ணுங்கள். நல்ல விதையாகப் பொறுக்கக் கூடாது. பொறுக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் காயாமல் வையுங்கள். ஏழாம் நாள் பிரித்து, வேரும் தண்டும் நன்றாக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். 75 வந்தால் முளைப்புத்திறன் 75 சதவீதம். சான்று பெற்ற உளுந்து விதைக்குக் குறைந்த அளவு இதுதான். நெல்லுக்கு 80, நிலக்கடலைக்கு 70.

பத்து விதை போதாதா?

போதாது. பத்தில் ஒரு விதை மாறினாலே பத்து சதவீதம் மாறிவிடும். 75 சதவீத விதையில் பத்து எடுத்தால், தற்செயலாக ஒன்பது முளைக்கலாம், ஆறும் முளைக்கலாம். நூறு போட்டால் அந்த ஏமாற்றம் குறையும். அப்பவும் எட்டு, ஒன்பது கூடக் குறைய இருக்கலாம்.

விதை அளவு எவ்வளவு?

75 சதவீத விதை ஏக்கருக்கு 8 கிலோ போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விதை 60 தான் என்றால், 8 × 75 ÷ 60 = 10 கிலோ வேண்டும். 50-க்கும் கீழே போனால் அதை விதைக்காமல் வேறு விதை பார்ப்பதே லாபம்.

குழிக்கு ஏன் இரண்டு விதை?

வெண்டை விதை 80 சதவீதம் என்றால், குழிக்கு ஒன்று ஊன்றும்போது நூறு குழியில் சுமார் 20 காலியாகும். இரண்டு ஊன்றினால் இரண்டுமே பொய்க்க வேண்டும். அந்த இருபதிலும் ஐந்தில் ஒரு பங்குதான் அப்படி ஆகும். அதாவது 4 குழி. நம் பெரியவர்கள் செய்ததில் கணக்கு இருக்கு!

ஒன்றை மறக்க வேண்டாம். இது விதையின் தரத்தை மட்டும் சொல்லும். மழை பொய்த்தாலோ எறும்பு தின்றாலோ இரண்டு விதையும் சேர்ந்தே போகும்.

வாங்கிய விதை என்றால் ரசீதையும் மூட்டை அட்டையையும் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் இருந்தால் விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்கலாம். அடுத்த குழுக் கூட்டத்தில், விதைக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் முதலில் கேளுங்கள்: "நூறுக்கு எத்தனை முளைச்சுது அக்கா?"