பல் டாக்டருக்கே வந்த வலி!

மச்சி, ஒரு சின்னக் கேள்வி. 2020-ல் கொரோனா வந்தப்போ, ‘மாஸ்க்கைப் போடு, வாயை மூடு’னு ஊரே கத்துச்சு. ‘ஆ... நல்லா வாயைத் திறங்க’ன்னு சொல்றதையே தொழிலா வெச்சிருக்கிறவங்க அப்போ என்ன பண்ணியிருப்பாங்க?

பல் டாக்டர்களைத்தான் சொல்றேன். காய்ச்சல்னா போன்லயே ‘பாராசிட்டமால் போடுங்க’னு சொல்லிடலாம். சொத்தைப் பல்லை வீடியோ காலில் அடைக்க முடியுமா? நோயாளியோட மூச்சுக்குப் பக்கத்துல முகத்தைக் கொண்டுபோனாத்தான் வேலையே நடக்கும்.

நான் மெக்கானிக்கல். அதனால இந்தக் கதையில என்னைக் கவர்ந்த வில்லன் ‘ஏரோட்டர்’தான். ‘கிர்ர்ர்’னு கேட்டதுமே சேரை இறுக்கிப் பிடிச்சுக்குவோமே, அந்த மெஷின்! உள்ளே இருக்கிறது காத்தழுத்தத்துல சுத்துற குட்டி டர்பைன். நிமிஷத்துக்கு மூணு, நாலு லட்சம் சுத்து. நம்ம பைக் இன்ஜின் பத்தாயிரத்தைத் தொட்டாலே கதறும்! அந்த வேகத்துல பல் சூடாகிடக் கூடாதுன்னு கூடவே தண்ணியும் பீய்ச்சும். அது எச்சிலோட கலந்து, பனி மாதிரி ரூம் முழுக்கப் பரவும். அந்தச் சாரல்தான் 2020-ல் மொத்தத் தொழிலையும் முடக்கிப் போட்டுச்சு.

மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. மே 19-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்குன்னே தனியா வழிமுறைகள் வெளியிட்டுச்சு. கட்டுப்பாட்டுப் பகுதியில கிளினிக் திறக்கவே கூடாது. சிவப்பு மண்டலத்துல அவசர சிகிச்சை மட்டும் (சென்னை அப்போ சிவப்பு!). ஆரஞ்சு, பச்சையில ஆலோசனை சொல்லலாம்; ஆனா பல்லுல கை வைக்கிறது அங்கேயும் அவசரத்துக்கு மட்டும்தான்.

வீக்கம், தாங்க முடியாத வலி, அடிபட்டு ரத்தம்... இதெல்லாம் அவசரம், சரி. ஆனா கிளினிக்குக்குச் சோறு போடுறது எது? பல் சுத்தம் பண்றது, கிளிப் போடுறது, பல் கட்டுறது. அத்தனையும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ வகையறா! வலியே இல்லாதவன் அந்த நேரத்துல பல் டாக்டரைத் தேடி எதுக்கு வரப்போறான்?

வருமானம் நின்னுச்சே தவிர, வாடகை நிக்கலை. அசிஸ்டென்ட் அக்காவுக்குச் சம்பளம், சேரும் எக்ஸ்ரே மெஷினும் வாங்கின கடனுக்கு இஎம்ஐ... மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி அறிவிச்ச மூணு மாசத் தள்ளிவைப்பு, அப்புறம் ஆகஸ்ட் 31 வரை நீண்டது. நிம்மதிதான். ஆனா வட்டி மட்டும் தூங்கலை! நம்ம ஊர்ல பெரும்பாலான பல் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸும் கிடையாது. நோயாளி பாக்கெட்டிலிருந்து வந்தாத்தான் டாக்டர் கல்லாவுக்கு. அந்தப் பாக்கெட்டே அப்போ காலி. இங்கிலாந்திலும் அதே மார்ச் 25 அன்னிக்கு வழக்கமான பல் சிகிச்சையை நிறுத்திட்டாங்க, ஜூன் 8-ல்தான் மறுபடி திறந்தாங்க. ஆனா அரசு ஒப்பந்தத்துல இருந்த கிளினிக்குகளுக்கு மாசப் பணம் தொடர்ந்து போச்சு. நம்மாளுங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

திறந்த பிறகாவது நிம்மதியா? என்-95 மாஸ்க், அதுக்கு மேல ஷீல்டு, உடம்பு முழுக்க பிபிஇ கிட். ஜன்னலைத் திறந்து வெச்சு, எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓட விடணும். நம்ம ஊர் வெயில்ல இதைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க! ஒருத்தர் எழுந்து போனதும் ரூம் காத்து மாறுற வரை காத்திருந்து, எல்லாத்தையும் துடைச்சுட்டுத்தான் அடுத்தவர்.

குத்துமதிப்பா ஒரு கணக்கு போடுவோம். அரை மணிக்கு ஒருத்தர்னு எட்டு மணி நேரத்துல 16 பேரைப் பார்த்த கிளினிக்னு வெச்சுக்கோங்க. நடுவுல அரை அரை மணி இடைவெளி விட்டா 8 பேர். வருமானம் பாதி, கிட் செலவு தலைக்குத் தலை கூடுது. அதை பில்லில் சேர்த்தா நோயாளி முறைப்பார். சேர்க்காட்டி டாக்டருக்குக் கையைக் கடிக்கும்.

இப்போ நம்ம செட்டுக்கு வருவோம். கிளிப் போட்டவங்க மாசாமாசம் போய்க் கம்பியைச் சரிபண்ணணும். போக வழியில்லாம, குத்துற கம்பியில மெழுகை ஒட்டிச் சமாளிச்சாங்க. பி.டி.எஸ். பசங்க பாடு அதைவிட மோசம். எங்களுக்கு லேப் நடக்கலைன்னா சிமுலேஷன் ஓட்டிச் சமாளிக்கலாம். அவங்க இத்தனை பல் பிடுங்கணும், இத்தனை அடைக்கணும்னு கோட்டா முடிக்கணும். நோயாளியே வராட்டி யார் வாயில முடிக்கிறது? படிச்சு முடிச்ச ஜூனியர்கள் நாலு கிளினிக்குக்கு ஓடி, பார்க்கிற கேஸுக்குப் பர்சன்டேஜ் வாங்குறவங்க. கேஸ் பூஜ்யம்னா பர்சன்டேஜும் பூஜ்யம்.

நோயாளிக்கும் லாபம் இல்லை. தள்ளிப்போட்ட சொத்தை சும்மா இருக்காது பாஸ்! அடைச்சா முடிஞ்சிருக்க வேண்டியது வேர் சிகிச்சைக்குப் போகும், அதையும் தாண்டினா பிடுங்கறதுதான்.

2021-ல் ரெண்டாவது அலையோட கருப்புப் பூஞ்சை வந்துச்சு. கொரோனாவிலிருந்து மீண்டவங்களுக்கு, முக்கியமா சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு, மேல்தாடையில வலி, திடீர்னு ஆடுற பல். அதைச் சாதாரணப் பல்வலின்னு விடாம, ‘இது வேற ஏதோ’ன்னு சந்தேகப்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சவங்கள்ல, பாதி வருமானத்துல கிளினிக் நடத்திட்டிருந்த இந்த டாக்டர்களும் உண்டு.