கொடைக்கானல் போதை காளான்: எலிகளிடம் டாக்டர்கள் கண்டது என்ன?

கொடைக்கானல்: பழனி மலைப்பகுதியில் மழை பெய்து ஓய்ந்தால் போதும், 'மேஜிக் மஷ்ரூம்' எனப்படும் போதை காளானைத் தேடி இளைஞர்கள் கிளம்பி விடுகிறார்கள். விற்பவர்களை போலீசார் அவ்வப்போது பிடித்து உள்ளே தள்ளினாலும் ஆசை விடுவதில்லை. இப்போது இவர்களுக்கு புதிதாக ஒரு சாக்கு கிடைத்துள்ளது. "இது மருந்தாம்ல, வெளிநாட்டுல டாக்டரே கொடுக்கறாங்களாம்" என்கிறார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து.

பூட்டும் சாவியும்

காளானில் போதை தருவது சைலோசைபின் என்ற ரசாயனம். சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-ல் இதைத் தனியே பிரித்தெடுத்தார். உடம்புக்குள் போனதும் இது சைலோசினாக மாறி மூளைக்குச் செல்கிறது.

மூளை நரம்புகளில் ரிசப்டார் எனப்படும் ஏற்பிகள் உள்ளன. இவை பூட்டு மாதிரி. நம் உடம்பிலேயே சுரக்கும் செரோடோனின் என்ற ரசாயனம்தான் சாவி. சைலோசின் ஒரு கள்ளச்சாவி. குறிப்பாக '5-எச்டி2ஏ' என்ற பூட்டைத் திறக்கிறது. உடனே கண்ணுக்கு இல்லாதது தெரிகிறது, நேரம் காலம் புரிவதில்லை.

தலையை உதறும் எலி

எந்தப் பூட்டு என்று எப்படித் தெரிந்தது? இந்த மருந்தைக் கொடுத்தால் சுண்டெலி தலையை வெடுக் வெடுக்கென்று உதறும். அந்த ஏற்பி இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிக்குக் கொடுத்தால் உதறல் இல்லை. மனிதர்களிடமும் 1998-ல் சோதித்தார்கள். அந்த ஏற்பியை அடைக்கும் மருந்தை முதலில் கொடுத்ததும் மயக்கக் காட்சிகள் வரவில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு டோசில் சுண்டெலி மூளையின் முன்பகுதியில் நரம்பு இணைப்பு முளைகள் சுமார் 10 சதவீதம் கூடின. ஒரு மாதம் கழித்தும் அதில் ஒரு பகுதி அப்படியே இருந்தது.

குடிகார எலி திருந்தியதா?

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் எலிகளை மதுவுக்கு அடிமையாக்கிச் சோதித்தார்கள். குடியால் குறைந்துபோன 'எம்க்ளூஆர்2' என்ற இன்னொரு ஏற்பி, சைலோசைபின் கொடுத்ததும் மீண்டது. மறுபடி குடிக்க ஓடுவதும் குறைந்தது. இது 2021-ல் வெளியானது. ஆனால் அதே ஊரில் 2020-ல் வெளியான வேறொரு எலி சோதனையில் பலன் நீண்ட நாள் நிலைக்கவில்லை. எலி சோதனைகளின் முடிவு இப்படித்தான், ஒன்று போல் ஒன்று இருக்காது.

மனிதர்களிடம்?

அமெரிக்காவில் குடிநோயாளிகள் 93 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. சைலோசைபின் பெற்றவர்கள் அளவுக்கு மீறிக் குடித்த நாட்கள் 9.7 சதவீதம். வேறு மாத்திரை பெற்றவர்களுக்கு 23.6 சதவீதம். கேன்சர் நோயாளிகளின் மரண பயத்தையும் பதற்றத்தையும் இது குறைத்ததாக 2016-ல் ஆய்வுகள் வந்தன.

ஆனால் கவனிக்க வேண்டியது இதுதான். அங்கே கொடுத்தது மில்லிகிராம் கணக்கில் அளந்த சுத்தமான மருந்து. குடிநோய் ஆய்வில் மருந்தோடு 12 முறை உளவியல் சிகிச்சையும் சேர்த்து நடந்தது. மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உள்ளவர்களை இப்படிப்பட்ட ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. மருந்து வேலை செய்யும் நேரம் முழுக்க பக்கத்தில் ஆள் இருந்தார்கள்.

இங்கே நடப்பது வேறு

கொடைக்கானலில் தேனிலோ ஆம்லெட்டிலோ போட்டுத் தின்னும் காளானில் எவ்வளவு மருந்து என்று விற்பவருக்கும் தெரியாது. ஒரு காளானுக்கும் இன்னொன்றுக்கும் அளவு மாறும். தலை கிறுகிறுத்து வட்டக்கானல் பக்கம் பாறை விளிம்பில் நடந்தால் ஒரு அடி தவறினாலும் பள்ளம்தான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் விஷக் காளானும் உண்டு. சில வகைகளில் 6 முதல் 12 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. பிறகுதான் வாந்தி, பேதி தொடங்கும். அதற்குள் விஷம் ஈரலுக்குப் போயிருக்கும்.

சட்டமும் விடாது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது. 'டாக்டரே கொடுக்கறாங்க' என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது.

காளான் சாப்பிட்டவருக்கு உடல்நிலை மோசமானால், போலீசுக்குப் பயந்து லாட்ஜ் ரூமில் வைத்துப் பூட்டாமல் உடனே 108-ஐ அழையுங்கள். மிச்சக் காளான் இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். குடி, பதற்றம், மனஉளைச்சல் என்றால் மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம். அதற்கு காட்டுக்குள் போக வேண்டியதில்லை.