அனல் பொறுக்கும் வெடிபொருள்

வெடிபொருள் என்றதும் அதன் ஆற்றல் எவ்வளவு என்றே எவரும் வினவுவர். ஹெக்சாநைட்ரோஸ்டில்பீனின் பெருமையோ ஆற்றலில் இல்லை. அதன் வெடியலை நொடிக்கு ஏறத்தாழ 7,000 மீட்டர் விரையும். நாம் நெடுநாள் அறிந்த டி.என்.டி.யும் அதற்குப் பெரிதும் பின்தங்கியதன்று. ஆனால் டி.என்.டி. 80 பாகை செல்சியசை ஒட்டி உருகிவிடும். இந்த மஞ்சள் படிகம் உருக 316 பாகையளவு வெப்பம் வேண்டும்.

இரு பென்சீன் வளையங்களை இரட்டைப் பிணைப்புடைய கரிமப் பாலமொன்று இணைக்க, வளையத்துக்கு மூன்றாக ஆறு நைட்ரோ தொகுதிகள் அமைந்த மூலக்கூறு இது. சூடேறும் டி.என்.டி.யில் சிதைவுக்குப் பெரும்பாலும் வழிதிறப்பது மெத்தில் தொகுதி. இதில் அத்தொகுதியே இல்லை. 1960-களில், அமெரிக்கக் கடற்படையின் படைக்கல ஆய்வகத்தில் கேத்ரின் ஷிப் என்னும் வேதியியலார் இதனை உருவாக்கினார்.

இதன் அருமை நிலவில் நன்கு விளங்கிற்று. காற்றற்ற வெளியில் ஆவியாகிக் கரையாமலும், நண்பகலில் நூறு பாகையைக் கடக்கும் வெயிலில் சிதையாமலும் இருக்கவல்ல வெடிபொருள் அங்கே வேண்டியிருந்தது. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 பயணத்தின் யூஜீன் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும், டெஃப்லான் கலந்த இச்சேர்மம் அடைத்த எட்டுப் பொதிகளை டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் ஆங்காங்கே வைத்தனர். மிகச் சிறியதில் 57 கிராம் மருந்து, பெரியதில் 2.7 கிலோ. ஒவ்வொரு பொதியிலும் மூன்று வளையங்களை இழுத்துவிட்டால் உள்ளிருக்கும் கடிகாரம் ஓடத் தொடங்கும். அவர்கள் நிலவைவிட்டுக் கிளம்பிய பின்னரே அவை வெடித்தன. நிலத்தில் பதித்த நான்கு உணரிகள் அதிர்வைக் கேட்டன. மேற்பரப்பை ஒட்டிய தளர்ந்த மண்ணில் அதிர்வலை நொடிக்கு 250 மீட்டர் அளவிலேயே சென்றது. நம் காற்றில் ஒலி அதனினும் விரைந்து செல்லும் என்பதை எண்ணினால், அம்மண் எத்துணைப் பொலபொலப்பானது என்பது புலப்படும்!

புவியில் இதற்கு வேலை தருவன ஆழமான எண்ணெய்க் கிணறுகள். கிணற்றின் எஃகுக் குழாயையும் அதனைச் சூழ்ந்த சிமெண்டையும் துளைத்து எண்ணெய்க்கு வழிவிட, கூம்பு வடிவ வெடிகளை உள்ளே இறக்குவர். கீழே வெப்பம் 200 பாகையைத் தாண்டும் இடங்களும் உண்டு. ஆர்.டி.எக்ஸ். அடைத்த வெடி அங்கே நெடுநேரம் காத்திருந்தால் தானாகவே சிதையத் தொடங்கும். கருவி பாதி வழியில் சிக்கிக்கொண்டால் இடர் சொல்லி மாளாது. அத்தகைய கிணறுகளுக்கு, விலை மிகுந்ததாயினும், ஹெக்சாநைட்ரோஸ்டில்பீனையே பொறியாளர் தேர்வர். போர் விமானங்களில் விமானி தப்பும் அமைப்புகளை இயக்கும் மெல்லிய உலோகக் குழாய் வெடிவடங்களிலும் இது உறைகிறது. கல் குவாரிக்கு இதனை எவரும் வாங்குவதில்லை. அங்கே மலிவான மருந்தே போதும்.