ஊருக்குப் பொருந்தாத விதிகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரத்தை ஒட்டி சோமர்வில் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர்தான். 2020 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 81,045. சில ஆண்டுகளுக்கு முன், நகரத் திட்டமிடல் அலுவலர்கள் அப்போது நடப்பில் இருந்த கட்டட, நிலப் பயன்பாட்டு விதிகளை ஊரில் ஏற்கெனவே நிற்கும் வீடுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். மனை குறைந்தது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தெருவிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், ஒரு மனையில் எத்தனை குடும்பம் இருக்கலாம், எத்தனை காருக்கு இடம் விட வேண்டும் என்று ஒவ்வொரு விதியாகச் சரிபார்த்தார்கள். ஊரில் உள்ள ஆயிரக்கணக்கான வீட்டு மனைகளில், எல்லா விதிகளுக்கும் உட்பட்டவை 22 மட்டுமே என்று தெரிந்தது. மற்ற வீடுகள் எதையும் யாரும் திருட்டுத்தனமாகக் கட்டவில்லை. விதிகள் வருவதற்கு முன்பே எழுந்தவை என்பதால் சட்டம் அவற்றை விட்டுவைத்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதே போன்ற வீட்டை அடுத்த காலி மனையில் புதிதாகக் கட்ட வழியில்லை.

ஒரு நகரம் தன் நில விதிகளைத் திருத்த உட்காரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. மக்கள் விரும்பி வாழும் தெருவை இன்று மறுபடி கட்ட இந்த விதிகள் அனுமதிக்குமா? அனுமதிக்காது என்றால், கோளாறு தெருவில் இல்லை, விதியில் இருக்கிறது. ஊரோடு பொருந்தாத விதி, ஊரை ஒழுங்குபடுத்துவதில்லை. எல்லோரையும் விதிவிலக்கு கேட்டு நிற்பவர்களாக மாற்றுகிறது. விதிவிலக்கு கேட்கும் வரிசையில் பணமும் வழக்கறிஞரும் உள்ளவர்களே முன்னால் போவார்கள். சோமர்வில்லின் திருத்தத்தை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய காரணம் இதுவே.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? நகரம் முழுவதையும் மண்டலங்களாகப் பிரித்து, எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் முறையை 1916-ல் நியூயார்க் கொண்டுவந்தது. ஆலைப் புகையும் தோல் பதனிடும் நாற்றமும் வீடுகளுக்கு நடுவே வரக் கூடாது என்ற நியாயமான கவலை அதன் பின்னால் இருந்தது. ஆனால் அதே கருவி வேறு வேலைக்கும் பயன்பட்டது. கறுப்பர் இன்ன தெருவில் குடியேறக் கூடாது என்று வெளிப்படையாகவே விதி எழுதிய லூயிவில் நகரத்தின் சட்டத்தை 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகு நிறத்தைச் சொல்லாமல் மனை அளவையும் வீட்டு வகையையும் சொல்லி, பணமில்லாதவர்களை வெளியே நிறுத்தும் வழியைப் பல ஊர்கள் கண்டுகொண்டன. 1926-ல் ஓஹியோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் மண்டல முறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி வீடுகள் உள்ள பகுதியில் அடுக்குமாடி வருவதை ஒட்டுண்ணியோடு ஒப்பிடும் அளவுக்கு அந்தத் தீர்ப்பு போனது. பின்னர் கார் பெருகிய காலத்தில், புறநகரின் அகன்ற மனைகளை மனத்தில் வைத்து எழுதிய விதிகளை, டிராம் காலத்தில் நெருக்கமாக எழுந்த பழைய ஊர்களும் எடுத்துக்கொண்டன. அளவு எடுக்காமல் தைத்த சட்டை போல அது எங்கும் பொருந்தவில்லை.

சோமர்வில்லின் அடையாளம் என்று சொல்லத்தக்கது மரத்தாலான மூவடுக்கு வீடு. குறுகலான மனையில், தளத்துக்கு ஒரு குடும்பம் என மூன்று குடும்பங்கள் வாழும் கட்டடம் அது. ஒவ்வொரு தளத்துக்கும் தனித் திண்ணை போல ஒரு முகப்பு, பின்னால் துணி உலர்த்த ஒரு தாழ்வாரம், பொதுவான படிக்கட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாஸ்டனைச் சுற்றி ஆயிரக்கணக்கில் இவை எழுந்தன. அயர்லாந்திலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வந்த தொழிலாளர் குடும்பம் ஒன்று கடன் பெற்று அப்படி ஒரு கட்டடத்தை வாங்கும். ஒரு தளத்தில் தான் இருந்துகொண்டு மற்ற இரண்டை வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டும். கையில் அதிகம் இல்லாதவர்கள் சொந்த வீடு காண அது ஒரு நல்ல வழி. அந்த வழியை அடைத்தது 1912-ல் அந்த மாநிலம் இயற்றிய குடியிருப்புச் சட்டம். மரக் கட்டடத்தின் மூன்றாவது அடுக்கில் சமையல் நடக்கக் கூடாது என்பது போன்ற விதிகளை ஊர்கள் அதன் துணையோடு ஏற்றுக்கொண்டன. அடுப்பு எரியக் கூடாது என்றால் அங்கே குடும்பம் இருக்க முடியாது. தீ விபத்தைக் காரணம் காட்டினார்கள். அந்த அச்சத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் புதிதாக வந்த ஏழைகள் நம் ஊருக்கு வேண்டாம் என்ற எண்ணமும் அதனுள் இருந்தது என்பதை அக்காலத்து விவாதங்கள் மறைக்கவில்லை.

பொருந்தாத விதியின் சுமை அன்றாட வேலைகளில்தான் தெரியும். விதிக்கு உட்படாத வீட்டின் உரிமையாளர் பின்புறத் தாழ்வாரத்தை மூடி ஓர் அறை ஆக்க வேண்டும், அல்லது சாய்கூரைக்கு அடியில் உள்ள மச்சில் ஜன்னல் வைத்து உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கட்டட அனுமதி போதாது. மேல்முறையீட்டு வாரியத்திடம் மனுப் போட வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு போகும், விசாரணை நடக்கும், வரைபடக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் கூலி தர வேண்டும். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எதிர்த்தாலே மாதங்கள் ஓடிவிடும். பெரிய கட்டுமான நிறுவனத்துக்கு இது திட்டச் செலவில் ஒரு வரி. ஒரு வீட்டை மட்டும் வைத்திருக்கும் ஓய்வூதியருக்கு இது எண்ணத்தையே கைவிடச் செய்யும் தடை. சிறியவர்கள் ஒதுங்கிப் பெரியவர்கள் மட்டும் கட்டும் ஊரில், சிறிய வீடுகள் எழுவதே நின்றுபோகிறது.

1930-ல் இதே 11 சதுர கிலோமீட்டரில் 1 லட்சத்து 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். இன்று அதைவிட இருபதாயிரத்துக்கும் அதிகமாகக் குறைந்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குத் தட்டுப்பாடு. குடும்பங்கள் சிறுத்துவிட்டதால் அதே அளவு மக்களுக்குக்கூட முன்பைவிட அதிக வீடுகள் வேண்டும். அத்தனையையும் கட்ட விதி இடம் தரவில்லை. பாஸ்டன், பக்கத்து நகரமான கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் வேலைவாய்ப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பல ஆண்டுகள் பேசப்பட்ட, பாஸ்டன் நகர ரயிலின் ‘பசுமை வழித்தட’ நீட்டிப்பு 2022-ல் ஊருக்குள் வந்து சேர்ந்தது. ரயில் வந்தால் நிலத்தின் மதிப்பு ஏறும். விதி மாறாமல் ரயில் மட்டும் வந்திருந்தால், அந்த மதிப்பு முழுவதும் பழைய வீட்டை வைத்திருப்பவர் கையில் சேர்ந்து, வாடகைக்கு இருப்பவர் வெளியேறுவதில் முடிந்திருக்கும்.

நகரம் அவசரப்படவில்லை. 2012-ல் ஊரின் இருபதாண்டு நோக்கு ஆவணம் ஏற்கப்பட்டது: 6,000 புதிய வீடுகள், 30,000 வேலைகள், 125 ஏக்கர் புதிய திறந்தவெளி. அதை நிறைவேற்றும் புதிய மண்டல விதிகளின் முதல் வரைவு 2015 ஜனவரியில் நகர மன்றத்துக்கு வந்தது. மக்கள் கருத்தும் மறுவரைவுகளுமாக ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழிந்து 2019 டிசம்பரில்தான் நிறைவேறியது. புதிய விதிகள் எண்களைக் காட்டிலும் கட்டடத்தின் வடிவத்தைப் பேசுகின்றன. தனி வீடு, இரட்டை வீடு, மூவடுக்கு வீடு, கொல்லைப்புறக் குடில் என்று ஊரில் உண்மையில் உள்ள வகைகளுக்குப் பெயரிட்டு, ஒவ்வொன்றும் தெருவோடு எப்படி நிற்க வேண்டும் என்று சொல்கின்றன. அந்த வரையறைக்குள் வருபவருக்கு விசாரணை இல்லாமலே அனுமதி கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆயினும் முதல் முயற்சியில் தயக்கம் இருந்தது. மூவடுக்கு வீட்டின் மூன்றாவது குடியிருப்புக்குக் கடும் நிபந்தனைகள் இருந்தன. 2023-ன் இறுதியில்தான் அவை விலகின. கட்டாய வாகன நிறுத்தமும் முதலில் ரயிலை ஒட்டிய பகுதிகளில் தளர்ந்து, 2024-ன் இறுதியில் ஊர் முழுவதும் நீங்கியது.

இதை எதிர்ப்பவர்களின் கவலைகள் அலட்சியப்படுத்தத் தக்கவையல்ல. முதலாவது, ஊரின் முகம் மாறிவிடும் என்பது. ஆனால் சோமர்வில்லின் முகம் எது? பழைய விதிகள் தடுத்த மூவடுக்கு வீடுகள்தானே அது. பழைய விதிகளை அப்படியே ஐம்பதாண்டுகள் கறாராக நடைமுறைப்படுத்தியிருந்தால், இடிந்துபோகும் ஒவ்வொரு பழைய வீட்டின் இடத்திலும் வேறு மாதிரியான, பெரிய மனை கேட்கும் கட்டடமே வந்திருக்கும். ஊரின் சாயலைக் காப்பாற்ற நினைப்பவர்கள், அந்தச் சாயலை அனுமதிக்கும் விதியைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது வாகன நிறுத்தம். கட்டடத்தோடு சேர்த்து இடம் விடச் சொல்லாவிட்டால் கார்கள் தெருவை அடைத்துவிடும் என்கிறார்கள். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் சேர்த்து சுமார் 300 சதுர அடி வேண்டும். அது ஓர் ஏழைக் குடும்பம் குடித்தனம் நடத்தும் அறையின் அளவு. கார் இல்லாதவரும் தன் வாடகையில் அதற்குப் பணம் கட்டுகிறார். விதியை நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பஃபலோ நகரம் சான்று. சுமார் இரண்டே முக்கால் லட்சம் பேர் வாழும் அந்த நகரம் 1953-ன் விதிகளைக் கைவிட்டு, 2017-ல் ஊர் முழுவதும் கட்டாய நிறுத்தத்தை நீக்கியது. அதன் பிறகு வந்த 36 பெரிய திட்டங்களை ஆராய்ந்ததில், 47 விழுக்காடு பழைய அளவைவிடக் குறைவான இடமே விட்டன. கடையும் வீடும் கலந்த கட்டடங்கள் முன்பு கேட்டிருக்கக்கூடியதில் 53 விழுக்காடு குறைவாக விட்டன. ஒரே பயன்பாட்டுக்கான கட்டடங்களோ பெரும்பாலும் பழைய அளவையோ அதற்கு மேலோ தாமாகவே விட்டன. நிறுத்துமிடம் காணாமல் போகவில்லை. தேவைப்பட்ட இடத்தில் தேவையான அளவுக்கு வந்தது. தெரு நெரிசலுக்கு மருந்து, தெருவோர இடத்துக்குக் கட்டணமும் அனுமதிச் சீட்டும். அதற்காக வீட்டைக் குறைப்பது தவறான மருந்து.

மிகக் கனமான மறுப்பு மூன்றாவது: அதிகம் கட்ட அனுமதித்தால் நில விலை ஏறி, இருக்கிற ஏழைகள் துரத்தப்படுவார்கள் என்பது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. சிகாகோவில் ரயில் நிலையங்களைச் சுற்றி மட்டும் கூடுதல் கட்டுமானத்தை அனுமதித்த மாற்றங்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, ஐந்தாண்டுகளில் நில விலை ஏறியதையும் கட்டுமானம் கூடாததையும் காட்டியது. ஆனால் நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை ஒரே வீச்சில் திறந்துவிட்டபோது, அனுமதி பெற்ற புதிய வீடுகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் இரு மடங்கானது. இந்த மாற்றம் இல்லாதிருந்தால் வாடகை இன்னும் அதிகமாக ஏறியிருக்கும் என்று அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: ஒரு மூலையை மட்டும் திறந்தால் அந்த மூலையின் நிலம் தங்கமாகிறது, ஊரையே திறந்தால் யாருடைய நிலத்துக்கும் தனி மவுசு இல்லை. ஆனாலும் விதித் திருத்தம் மட்டுமே ஏழைக்கு வீடு தந்துவிடாது. அதனால்தான் சோமர்வில் 2016-லேயே பெரிய கட்டடங்களில் ஐந்தில் ஒரு வீட்டைக் குறைந்த வருமானத்தாருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தர வேண்டும் என்று விதித்தது. இரண்டு கையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

கடைசிக் கேள்வி, இதை யார் முடிவு செய்வது என்பது. எங்கள் ஊரைப் பற்றி மாநில அரசு ஏன் சொல்ல வேண்டும் என்று பல ஊர்கள் கேட்கின்றன. ரயில், பேருந்து வசதி பெறும் அல்லது அத்தகைய ஊர்களை ஒட்டி அமைந்த 177 ஊர்களும் நகரங்களும் பல குடும்ப வீடுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் 2021-ல் சட்டம் செய்தது. மில்டன் என்ற ஊரின் வாக்காளர்கள் 2024-ல் அதை ஏற்க மறுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில், சட்டம் செல்லும், ஊர்கள் கட்டுப்பட வேண்டும் என்றது. வழிகாட்டு நெறிகளை மட்டும் முறைப்படி மறுபடி வெளியிடச் சொன்னது. இந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஓர் ஊரின் கூட்டத்தில் ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்தான் கை உயர்த்த முடியும். இடம் கிடைக்காமல் எங்கோ தூரத்திலிருந்து வேலைக்கு வந்துபோகும் செவிலியருக்கும் சமையல்காரருக்கும் அங்கே வாக்கு இல்லை. அவர்களுக்காகவும் யோசிக்க ஊருக்கு மேலே ஒரு மன்றம் தேவை. கட்டடம் எந்த வடிவில் வர வேண்டும் என்பதை ஊர் தீர்மானிக்கட்டும். வரவே கூடாது என்று சொல்லும் உரிமை ஊருக்கு வேண்டாம்.

இவையெல்லாம் விதியே வேண்டாம் என்பதற்கான வாதம் அல்ல. தீ பாதுகாப்பு, வெள்ளநீர் வடிகால், மரம், வெளிச்சம், ஆலைக்கும் பள்ளிக்கும் இடையே தூரம், இவற்றில் அரசு உறுதியாக நிற்க வேண்டும். நூறாண்டுக்கு முன் மர வீடுகளில் பரவிய தீயைத் தடுக்க இன்று தீத்தடுப்புச் சுவரும் தானியங்கி நீர்த்தெளிப்பும் உண்டு; குடும்பத்தையே தடை செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு விதியும் எந்தத் தீங்கைத் தடுக்கிறது என்று கேட்டு, பதில் உள்ளதை வைத்துக்கொண்டு, பதில் இல்லாததை நீக்குவதே திருத்தம். புதிய விதி எழுதுபவர்கள் அலுவலகத்திலிருந்து இறங்கி, ஊர் மக்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பத்துத் தெருக்களை அளந்து, அந்த அளவுகளிலிருந்து தொடங்கட்டும். சாதாரணக் குடும்பம் ஒன்று வழக்கறிஞர் துணையின்றிப் படித்துப் புரிந்துகொண்டு, தன் மனையில் இன்னொரு குடும்பத்துக்கு இடம் தர முடிந்தால், அந்த விதி தன் வேலையைச் செய்கிறது.