பெரிய வண்டி: தேவையா, பெருமையா?

பௌர்ணமி நாட்களில் திருவண்ணாமலைக்கு வரும் வாகனங்களில் பெரும்பாலானவை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்படுகின்றன. பெங்களூரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வரும் உயரமான, பளபளப்பான கார்களுக்கும் அதே நிலைதான். இறங்கியவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்தே சுற்றுகிறார்கள். அன்றைக்குப் பாதை நடப்பவர்களுடையது.

மற்ற நாட்களில் நிலைமை வேறு. தேரடி வீதியிலும் மாட வீதிகளிலும் ஆட்டோ, சைக்கிள், தள்ளுவண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அதன் நடுவே ஏழு பேர் உட்காரக்கூடிய ஒரு வண்டி வருகிறது. உள்ளே ஒருவர் மட்டும் இருக்கிறார். எதிரே வரும் ஸ்கூட்டர் ஓரம் கட்டுகிறது, நடப்பவர் சாக்கடை மூடியின் மேல் ஏறி நிற்கிறார். இந்தக் காட்சி இந்த ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, வந்தவாசி என்று நம் மக்கள் வாழும் எந்த ஊரின் தெருவிலும் இதைப் பார்க்கலாம்.

தேவை இருப்பவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு ஏறி இறங்குபவருக்கு உறுதியான ஜீப் வேண்டும். தாய் தந்தையும் மூன்று பிள்ளைகளும் ஒன்றாகப் பயணிக்கும் வீட்டுக்கு இடம் உள்ள வண்டி வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் தாழ்வான காரில் குனிந்து ஏற முடியாது. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். நம் கேள்வி, இந்தக் காரணம் எதுவும் இல்லாதவர்களும் ஏன் பெரிய வண்டியையே தேடுகிறார்கள் என்பதுதான்.

மோகம் வந்த வழி

2024-25ஆம் நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் ஏறக்குறைய 65 விழுக்காடு, எஸ்.யூ.வி. உள்ளிட்ட பெரிய வகை வண்டிகள். ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்தின் கனவாக இருந்தது மாருதி 800. 1983இல் வந்த அந்தச் சிறிய கார் 2014இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் நம் கனவின் அளவு வளர்ந்துவிட்டது.

தொடக்கம் அமெரிக்கா. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் அங்கே எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. அது கார்களுக்குக் கடுமையாகவும், சரக்கு வண்டி வகைக்குத் தளர்வாகவும் இருந்தது. ஜீப் போன்றவை சரக்கு வண்டிக் கணக்கில் சேர்ந்தன. சட்டத்தின் அந்த இடைவெளியில் நுழைந்த கம்பெனிகள், சரக்கு வண்டியின் உடம்பில் குடும்பக் காரின் இருக்கைகளைப் பொருத்தி விற்றன. லாபமும் அதில்தான் அதிகம். பிறகு விளம்பரங்கள் மலை உச்சியையும் பாலைவனத்தையும் காட்டி, கடைத்தெருவுக்குப் போகிறவர்களிடம் அவற்றை விற்றுத் தீர்த்தன.

இந்தியாவில் 1994இல் டாடா சுமோ, 2000இல் குவாலிஸ், 2002இல் ஸ்கார்பியோ, 2005இல் இன்னோவா என்று வரிசையாக வந்தன. சுமோவும் ஸ்கார்பியோவும் நம் சினிமாவில் யாருடைய வண்டிகளாக வந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். அரசியல்வாதியும் அடியாளும் அவற்றில்தான் வந்து இறங்கினார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. பெரிய வண்டி என்றால் வழி கிடைக்கும் என்ற பாடம் அங்கேயே மனதில் பதிந்துவிட்டது.

2012இல் ஒரகடத்திலிருந்து டஸ்டர், 2013இல் மறைமலை நகரிலிருந்து எக்கோஸ்போர்ட், 2015இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிரெட்டா என்று இந்த அலையின் முக்கியமான வண்டிகள் நம் தமிழ்நாட்டில்தான் உருவாயின. திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறில் மஹிந்திரா நிறுவனம் எஸ்.யூ.வி.க்களைச் சோதிப்பதற்கென்றே 454 ஏக்கரில் ஓடுதளம் அமைத்திருக்கிறது. 2021இல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் செங்குத்தான ஏற்றம், பாறை, சேறு என எல்லாவற்றிலும் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். அதை வாங்கும் நம்மில் பலர் வாழ்நாளில் அப்படியொரு சேற்றைப் பார்க்கப்போவதில்லை.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். எஸ்.யூ.வி. என்று விற்கப்படும் பல வண்டிகள் உண்மையில் சிறிய கார்களின் அடித்தளத்தில் எழுப்பப்பட்டவை. பலேனோவின் அடித்தளத்தில் வந்தது ஃபிரான்க்ஸ், கிராண்ட் ஐ10 நியோஸின் அடித்தளத்தில் வந்தது எக்ஸ்டர். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் வசதி இவற்றில் கிடையாது. நீளம் 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்ற சலுகை 2006 முதல் இருப்பதால், நீளத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டுகிறார்கள். நாம் கூடுதல் விலை கொடுப்பது பல நேரம் வண்டியின் தோற்றத்துக்குத்தான்.

யார் பார்க்க வாங்குகிறோம்?

2008இல் டாடா நானோ அறிமுகமானபோது உலகமே வியந்தது. ஒரு லட்சம் ரூபாயில் கார்! மழையில் நனைந்தபடி ஒரே பைக்கில் நான்கு பேர் போகும் குடும்பத்துக்கு அது வரமாகியிருக்க வேண்டும். ஆனால் மக்கள் வாங்கவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது, ‘மலிவான கார்’ என்ற பெயர். மலிவானது என்று அதை விளம்பரப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018இல் உற்பத்தி நின்றது. நனையாமல் போவதை விட, நாலு பேர் நம்மை என்ன நினைப்பார்கள் என்பது பெரிதாகிவிட்டது.

நம் சமுதாயத்தில் இதற்கு இரண்டு கூடுதல் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது வளைகுடா. சவூதியிலும் அமீரகத்திலும் அகலமான சாலைகள், மலிவான பெட்ரோல், எங்கு பார்த்தாலும் லேண்ட் குரூசர். அங்கே முதலாளிகளின் வண்டியை ஓட்டியவர், துடைத்தவர், பார்த்து ஏங்கியவர் ஊருக்கு வரும்போது அப்படியொரு வண்டியில் தன் வாப்பா உம்மாவை உட்கார வைக்க ஆசைப்படுகிறார். அந்த ஆசையைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் விடுப்பு முடிந்து அவர் விமானம் ஏறிய பிறகு, அந்த வண்டி உறை போர்த்தப்பட்டுத் தெருவில் நிற்கிறது. மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை.

இரண்டாவது கல்யாணம். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கார் கொடுப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. வெளியே ‘அன்பளிப்பு’ என்று பெயர், உள்ளே அது கைக்கூலிதான். அதிலும் பக்கத்து வீட்டு மருமகனுக்குச் சின்ன கார் வந்திருந்தால், நம் வீட்டு மருமகனுக்கு அதைவிடப் பெரியது வர வேண்டும். ஒரு தகப்பனின் வீட்டுப் பத்திரம் அடமானம் போவது இப்படித்தான்.

பிறர் பார்க்கச் செலவழிக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899இலேயே விரிவாக எழுதினார். இதில் ஓர் எல்லை கிடையாது என்பதுதான் துயரம். எல்லோரும் பெரிய வண்டி வாங்கிவிட்டால், பெருமைக்கு அதைவிடப் பெரியது வேண்டும்.

பாதுகாப்பு யாருக்கு?

“பிள்ளைகள் பாதுகாப்பாகப் போக வேண்டும், அதனால்தான்” என்று பலர் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆல்டோவின் எடை ஏறக்குறைய முக்கால் டன், ஃபார்ச்சூனரின் எடை இரண்டு டன்னுக்கும் மேல். இரண்டும் மோதினால் கனமான வண்டிக்குள் இருப்பவருக்குத்தான் ஆபத்து குறைவு.

ஆனால் உறுதி என்பது அளவை மட்டும் வைத்து வருவதில்லை. 2016இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அது ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2020இல் டாடா அல்ட்ரோஸும் 2024இல் புதிய டிசையரும் 5 நட்சத்திரம் பெற்றன. இரண்டுமே 4 மீட்டருக்குள் அடங்கும் கார்கள். 2022இல் வந்த ஸ்கார்பியோ என் 5 நட்சத்திரம் பெற்றது. ஆகவே பார்க்க வேண்டியது கட்டமைப்பையும் ஏர்பேக்கையும் நட்சத்திரத்தையும்தான்.

மீதிப் பாதி வண்டிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து போனவர்கள். நூற்றில் 64 பேரைச் சுற்றி இரும்புக் கூடே இல்லை.

தாழ்வான கார் ஒருவரை மோதினால் பெரும்பாலும் காலில் அடிபட்டு, அவர் பானட்டின் மேல் விழுவார். உயரமான, செங்குத்தான முகப்புள்ள வண்டி நெஞ்சிலும் தலையிலும் மோதிக் கீழே தள்ளும். குழந்தையாக இருந்தால் தலையிலேயே இடிக்கும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதும்போது நடப்பவர் இறக்கும் வாய்ப்பு, முகப்பு தாழ்ந்து சரிந்த கார்களைவிடச் சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று தெரியவந்தது. உயரமான பானட்டுக்கு முன்னால் குனிந்து பந்து எடுக்கும் பிள்ளை ஓட்டுநரின் கண்ணில் படுவதும் கடினம்.

2004இல் பொருளியலாளர் மிஷெல் ஒயிட் அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்து, இதை ஆயுதப் போட்டி என்றே அழைத்தார். பெரிய வண்டியால் அதில் இருப்பவர்களுக்குத் தவிர்க்கப்படும் ஒவ்வொரு உயிர்ச்சேத விபத்துக்கும், மற்றவர்களுக்கு நான்குக்கும் மேற்பட்ட அத்தகைய விபத்துகள் கூடுகின்றன என்பது அவருடைய கணக்கு. நம் பிள்ளைக்கு நாம் வாங்கும் பாதுகாப்பின் விலையை அடுத்த வீட்டுப் பிள்ளை கொடுக்கிறது.

‘என்றாவது ஒரு நாள்’ கணக்கு

நோன்புப் பெருநாளைக்கு உறவினர்கள் வருவார்கள், ஏர்வாடிக்கோ நாகூருக்கோ குடும்பத்தோடு போக வேண்டி வரும் என்று நினைத்து ஏழு இருக்கை வண்டி வாங்குகிறோம். வருடத்தில் நான்கைந்து நாள் தேவைக்காக 360 நாள் செலவைச் சுமக்கிறோம்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு மாதம் சுமார் 5,560 ரூபாய் ஆகும். 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 8,330 ரூபாய். வருடத்துக்கு வித்தியாசம் 33,000 ரூபாய்க்கு மேல். அந்த நான்கைந்து நாட்களுக்கு ஓட்டுநரோடு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தாலும் மிச்சம் இருக்கும். டயர், காப்பீடு, சர்வீஸ் செலவுகளை இதில் நாம் சேர்க்கவே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, பெரிய வண்டிகளுக்கு 40 விழுக்காடு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வட்டிக் கடனில் வாங்கினால் அதன் சுமை பணத்தோடு முடிவதில்லை என்பது நமக்குத் தெரியும்.

வாகனமும் பணிவும்

இஸ்லாம் நல்ல வாகனத்தை வெறுக்கவில்லை. குதிரை, கோவேறு கழுதைகளைப் பற்றிப் பேசும் குர்ஆன், அவை ஏறிச் செல்லவும் அலங்காரமாகவும் இருப்பதைச் சொல்கிறது. வசதியான வாகனம் மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று நபிமொழியிலும் வருகிறது. நல்ல ஆடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகாது என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அளவுகோல் வண்டியில் இல்லை, அதில் உட்காரும்போது கீழே நடப்பவரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

நம் வண்டிகளில் பயண துஆ ஒட்டியிருக்கிறோம். இதை வசப்படுத்தும் ஆற்றல் எங்களுக்கு இருந்ததில்லை, இறைவனே வசப்படுத்தித் தந்தான், அவனிடமே திரும்பிச் செல்வோம் என்பதுதான் அதன் கருத்து. அந்த ஸ்டிக்கருக்குக் கீழே கையை வைத்து, வழி விடாத சைக்கிள்காரரை நோக்கி விடாமல் ஹாரன் அடித்தால் அதற்கு என்ன பொருள்? பாதைக்கும் உரிமை உண்டு, பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பது அதில் ஒன்று என்று கற்றவர்கள் நாம். ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்தில் பள்ளிவாசல் தெருவை அடைத்து வண்டியை நிறுத்துவது அந்த உரிமையைப் பறிப்பதாகும்.

வாங்கும் முன் சில கேள்விகள்

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் நம் வண்டியில் எத்தனை பேர் போகிறோம்? வண்டியை நிறுத்த நம் வீட்டு எல்லைக்குள் இடம் இருக்கிறதா, தெருவை நம்பித்தான் வாங்குகிறோமா? வட்டியில்லாமல் வாங்க முடியுமா? மோதல் சோதனையில் அது எத்தனை நட்சத்திரம் பெற்றது? கடைசியாக ஒன்று: சொந்தக்காரர் ஒருவர்கூடப் பார்க்கப்போவதில்லை என்றால் இதே வண்டியைத்தான் வாங்குவோமா?

இவற்றுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகும் பெரிய வண்டிதான் தேவை என்றால் தாராளமாக வாங்குங்கள். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மட்டும் பொருத்த வேண்டாம். 2017இலேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது, நடப்பவரின் எலும்பை முறிப்பது அதுதான். தெருவில் நிற்கும் வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை அதைச் சுற்றி வந்து பாருங்கள். சக்கரத்தின் அருகில் ஒரு பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கலாம்.