'புரோ' என்னும் அடைமொழி: ஒரு கைப்பேசியும் அதன் சாதாவும்

செல்போனைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத வேண்டுமா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். கவிதையைப் பற்றி எழுதினால் கோட்பாடு, செல்போனைப் பற்றி எழுதினால் விளம்பரம் என்கிற பாகுபாட்டில் எனக்கு உடன்பாடில்லை. ஆர்ப்பாட்டத்தைப் படம்பிடிப்பது அதில்தான், கட்டுரையைத் திருத்துவது அதில்தான், கைதாகும்போது முதலில் பிடுங்கப்படுவதும் அதுதான். 'சாதா போதுமா, புரோ வாங்கணுமா'ன்னு ஆவணப்படம் எடுக்கும் தோழர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்லலாம். ஆனால் இந்தக் கேள்வி எப்படி உற்பத்தி செய்யப்பட்டது என்று பார்க்காமல் பதில் சொன்னால் அது கடைக்காரர் செய்கிற வேலையாகிப் போகும்.

நன்னூலிலிருந்தே தொடங்கலாம். அடைமொழியை நம் இலக்கணம் இரண்டாகப் பிரிக்கிறது. செந்தாமரை என்று சொன்னால் வெண்தாமரை என்று இன்னொன்று இருப்பது தானே தெரிந்துவிடுகிறது. இது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் வேறு ஞாயிறு கிடையாது. இது இனமில்லாத அடை. 2019 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 11-ஐயும் கூடவே 'ஐபோன் 11 புரோ'வையும் வெளியிட்டது. ஐபோன் பெயரில் 'புரோ' ஒட்டிக்கொண்டது அப்போதுதான். இது இனமுள்ள அடை. மற்றொன்றுக்கு நிறுவனம் 'சாதா' என்று பெயர் வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாமே வைத்துக்கொண்டோம். அடை ஏறியது ஒரு சொல்லின்மேல், குறை விழுந்தது அடையில்லாத சொல்லின்மேல். குறிகள் தம்மளவில் பொருள் கொள்வதில்லை, ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதால்தான் பொருள் கொள்கின்றன என்ற சசூரின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

சரி, வேறுபாடு வெறும் பெயரில் மட்டும்தானா? இல்லை. 2023-இல் வந்த ஐபோன் 15-ஐயும் 15 புரோவையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் திரை 6.1 அங்குலம். இரண்டிலும் முதன்மைக் கேமரா 48 மெகாபிக்சல். புரோவில் உணரி சற்றுப் பெரியது. சாதாவுக்கு அலுமினியச் சட்டம், புரோவுக்கு டைட்டானியம். சாதாவின் திரை நொடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், புரோவின் திரை 120 முறை வரை. புரோவில் தொலைவில் உள்ளதை 3 மடங்கு நெருக்கிக் காட்டும் தனி லென்ஸ் உண்டு. சாதாவுக்கு முந்தைய ஆண்டின் சில்லு, ஏ16. புரோவுக்குப் புதிய ஏ17 புரோ. இரண்டுக்கும் ஒரே மாதிரி யூஎஸ்பி-சி துளை. ஆனால் அதன் வழியே சாதாவில் தகவல் போகிற வேகம் நொடிக்கு 480 மெகாபிட், புரோவில் 10 கிகாபிட். இருபது மடங்கு. வேடிக்கை என்னவென்றால், புரோ பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த வயரும் 480 மெகாபிட் வயர்தான். வேகம் வேண்டுமானால் வேறு வயர் தனியாக வாங்க வேண்டும்.

விலை? அமெரிக்காவில் 799 டாலருக்கும் 999 டாலருக்கும் இடையே 200 டாலர் வித்தியாசம். அன்றைய மதிப்பில் பதினேழாயிரம் ரூபாய்க்குள். இந்தியாவில் 79,900-க்கும் 1,34,900-க்கும் இடையே 55,000 ரூபாய். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது, இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தது என்பதைக் கணக்கில் எடுத்தாலும் பள்ளம் மூடவில்லை. அந்த ஆண்டு சாதா இங்கேயே ஸ்ரீபெரும்புதூரிலும் பொருத்தப்பட்டது, புரோ இறக்குமதியானது. இறக்குமதி வரி இந்தப் பள்ளத்தில் ஒரு பகுதி.

இப்போது முக்கியமான கேள்விக்கு வரலாம். மேலே உள்ளதற்குக் கூடுதலாகக் கொடுப்பதால் வேறுபாடு உண்டாகிறதா, கீழே உள்ளதிலிருந்து பிடித்துவைப்பதால் உண்டாகிறதா? 1849-இலேயே ஜூல் துபுயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயிலை வைத்து இதற்கு விளக்கம் எழுதினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விடுவது கூரைச் செலவுக்குப் பயந்தல்ல. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அதற்காக. நனைகிற ஏழை இலக்கே அல்ல. அவன் நனைவதைப் பார்த்து மேல்வகுப்புச் சீட்டு எடுப்பவன்தான் இலக்கு. 1990-இல் ஐபிஎம் நிறுவனம் தன் லேசர் பிரிண்டருக்கு ஒரு மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 10 பக்கம் அடிக்கும் அதே இயந்திரம். வேகத்தைக் குறைப்பதற்கென்றே கூடுதல் சில்லு செருகி, 5 பக்கமாக்கி விற்றார்கள். முடமாக்கவும் செலவு செய்திருக்கிறார்கள்.

ஐபோன் 15 அவ்வளவு அப்பட்டமானதல்ல. ஏ16 சில்லு முந்தைய ஆண்டின் 14 புரோவுக்காகச் செய்யப்பட்டது. அந்தப் போனின் பழைய லைட்னிங் துளைக்கு 480 மெகாபிட்டே வேகம். 'சில்லில் இல்லை, நாங்க என்ன பண்றது' என்று பொறியாளர் சொல்லலாம், சொன்னால் உண்மையும்கூட. ஆனால் எந்தப் போனுக்கு எந்தச் சில்லு என்று முடிவெடுப்பது பொறியியல் அல்ல, விலைக் கொள்கை. திரையின் கதை இன்னும் தெளிவானது. 120 முறை புதுப்பிக்கும் திரை 2021-இல் 13 புரோவுக்கு வந்தது. இருபதாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன்களில்கூட அதே வேகம் சாதாரணமாகிவிட்ட பிறகும் ஐபோன் சாதாவுக்கு அது கிடைக்கவில்லை. 2025 செப்டம்பரில் ஐபோன் 17-க்குத்தான் கிடைத்தது. நான்கு வருஷம் கூரை போடாத பெட்டி.

அதே 2025-இல் இன்னொன்றும் நடந்தது. 15 புரோவின் பெருமையாக விளம்பரம் செய்யப்பட்ட டைட்டானியத்தைக் கைவிட்டு 17 புரோ அலுமினியத்துக்குத் திரும்பியது. அதனால் அது புரோ அல்லாமல் போய்விட்டதா? இல்லை. நுகர்வில் பொருளைவிடக் குறியே நுகரப்படுகிறது என்று போத்ரியார் 1970-லேயே வாதிட்டார். உலோகம் மாறலாம், அடைமொழி மாறாது. முதுகில் மூன்று கண் இருப்பது வைத்திருப்பவருக்குத் தெரியாது, எதிரே இருப்பவருக்குத்தான் தெரியும்.

எல்லாமே குறிதான் என்று சொல்லி நிறுத்திவிடவும் முடியாது. 2023-இல் சாதா வாங்கியவருக்கு மறு ஆண்டு ஜூனில் ஒரு செய்தி வந்தது. 'ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்' என்ற செயற்கை நுண்ணறிவு வசதி 15 புரோவுக்கு உண்டு, 15-க்குக் கிடையாது. சாதாவில் நினைவகம் 6 ஜிபி, புரோவில் 8. நிறுவனம் விளம்பரப்படுத்தாத எண் இது. பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் ஒரே எண் கொண்ட இரண்டு போன்களில் ஒன்று பழசாகிவிட்டது. அந்த வசதி உங்களுக்கு வேண்டியதா இல்லையா என்பது வேறு விஷயம். எது எப்போது பழசாக வேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே நான் கவனிக்கச் சொல்வது.

ஒப்பீட்டுப் பட்டியல்கள் எதைப் பிரித்துக் காட்டுகின்றன என்பதைப் போலவே எதைப் பிரிக்காமல் விடுகின்றன என்பதையும் படிக்க வேண்டும். தகவலைப் பூட்டிவைக்கும் குறியாக்கம் இரண்டிலும் ஒன்றே. உளவு மென்பொருளுக்கு எதிராக 2022-இல் வந்த 'லாக்டவுன் மோட்' இரண்டிலும் உண்டு. களத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் தேவையானது இதுதான். ஆனால் இதில் மேல் கீழ் இல்லாததால் எந்த விளம்பரமும் இதை வைத்து ஒப்பிடுவதில்லை.

பட்டியலில் வரிசையாகவே இடம்பெறாத ஒன்றும் உண்டு: உழைப்பு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு விஷமாகி 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. தரம் என்ற சொல் அந்தக் கம்பெனியின் வாயிலிருந்து அன்றைக்குச் சோற்றைப் பற்றி வந்தது. 2024-இல் 16 புரோவும் தமிழ்நாட்டில் பொருத்தப்படத் தொடங்கியது. முன்பு சாதா மட்டும் செய்த ஊரிலிருந்து இப்போது புரோவும் போகிறது. 'புரொஃபஷனல்' என்ற சொல் அதைப் பொருத்துகிற கைகளைக் குறிப்பதில்லை, வாங்குகிற கையை மட்டும் குறிக்கிறது.

ஆக, தோழர்களுக்குப் பதில். மணிக்கணக்கான காட்சியை வெளி வட்டில் நேராகப் பதிவு செய்வது, பிறகு நிறம் திருத்துவது, மேடையிலிருந்து தள்ளி நின்று முகத்தை நெருக்கி எடுப்பது – இந்த மூன்றில் ஒன்றாவது வாரா வாரம் நடக்கிறதென்றால் புரோவுக்கு வேலை உண்டு. நடக்கவில்லையென்றால் சாதா போதும். மிச்சமாகிற காசில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள். போராட்டப் பதிவுகளில் முதலில் கெட்டுப்போவது குரல்தான், படமல்ல.

அப்புறம், அதை 'சாதா' என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொள்ளலாம். நிறுவனம்கூட அப்படி எழுதவில்லை.