வீட்டுத் தன்னியக்க அமைப்பைத் திட்டமிடல்

வீட்டுத் தன்னியக்கம் என்பது ஒரு வீட்டிலுள்ள விளக்கு, மின்விசிறி, நீரேற்றும் மோட்டார், குளிர்பதனி, கதவுப் பூட்டு முதலிய கருவிகளை உணரிகளின் துணையாலும், முன்கூட்டியே வகுத்த நிரல்களின் வழியும் இயங்கச் செய்யும் முறை ஆகும். புதிதாகக் கட்டப்படும் பெரிய வீட்டில் இதற்கான திட்டம் கட்டட வரைபடத்தோடு சேர்ந்தே உருவாக வேண்டும். கூரைக்குக் கான்கிரீட் கொட்டிய பின் அதனுள் மின்குழாய் பதிக்க இயலாது. இக்கட்டுரை சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் எழும் தனி வீடுகளைக் கருத்திற் கொண்டு அமைகின்றது.

வரலாறு

வீட்டின் மின்கம்பி வழியாகவே கட்டளைகளை அனுப்பும் எக்ஸ்-10 என்னும் முறையை 1975 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. ஒரு மின்கட்டத்தில் அனுப்பும் குறிகை மற்றொரு கட்டத்துக்கு எளிதில் தாவாது என்பது அதன் பெருங்குறை. மும்முனை இணைப்புள்ள பெரிய வீடுகளில் இக்குறை பெரிதும் வெளிப்படும். பின்னர் ஐரோப்பாவில் தனிக் கம்பியைப் பயன்படுத்தும் கேஎன்எக்ஸ் சீர்தரமும், 2000களில் சிக்பீ, இசட்-வேவ் ஆகிய கம்பியில்லா முறைகளும் வந்தன. பல நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள வகைசெய்யும் மேட்டர் என்னும் சீர்தரம் 2022 இல் வெளியானது.

நீர்

அயல்நாட்டு நூல்கள் பெரும்பாலும் விளக்கிலிருந்து தொடங்கும். சென்னையில் நீரிலிருந்து தொடங்குவதே பொருத்தம். குடிநீர் வாரியக் குழாயில் வரும் நீர் தரைக்கடியிலுள்ள சம்ப் தொட்டியில் விழும்; அங்கிருந்து மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் எளிய கருவி இந்நகர வீடுகளில் நெடுங்காலமாக உள்ளது. தன்னியக்கம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் வீட்டிலும் அது இருக்கும்.

ஒரு முழுமையான நீரமைப்புக்கு மூன்று உணரிகள் தேவை: மாடித் தொட்டியின் மட்டம், சம்பின் மட்டம், மோட்டார் வறண்டு ஓடுகின்றதா என்பதைக் காட்டும் மின்னோட்ட அளவி. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மூன்றாவது உணரி இன்றியமையாதது. நகருக்கு நீர் வழங்கும் ஏரிகள் 2019 கோடையில் வறண்டதுபோன்ற ஆண்டுகளில், நீரில்லாமல் ஓடும் மோட்டார் விரைவில் கருகிவிடும்.

இதற்கு நேர்மாறான ஓர் இடரும் உண்டு. வெள்ளம் சூழ்ந்தால் கழிவுநீர் கலந்த நீர் சம்புக்குள் புகும். தன்னியக்கக் கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. சம்ப் நிறைந்திருக்கின்றது, மேல்தொட்டி குறைந்திருக்கின்றது எனக் கண்டு, அந்த நீரையே ஏற்றிக் குடும்பத்திடம் எஞ்சியுள்ள நல்ல நீரையும் கெடுத்துவிடும். ஆகவே தன்னியக்கத்தை முற்றிலும் விலக்கும் கைச்சுவிட்ச் ஒன்று, முதல் மாடியில், முதியவரும் அடையாளம் காணும்படி பெயர் எழுதி இருத்தல் வேண்டும்.

மின்கம்பி அமைப்பு

இந்தியாவில் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஏர்ட்சு ஆகும். வழக்கமான கம்பியமைப்பில் சுவிட்ச் பெட்டிக்குள் மின்னேற்றக் கம்பி மட்டுமே வரும். நியூட்ரல் கம்பி நேராக விளக்குக்குச் சென்றுவிடும். நுண்ணறி சுவிட்சோ எப்போதும் விழித்திருக்கும் ஒரு சிறு கணினி. அதற்குத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும் என்பதால் பெரும்பாலான வகைகளுக்கு நியூட்ரலும் தேவைப்படும். ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் கொண்டுவருமாறும், ஆழம் கூடிய பெட்டிகளைப் பதிக்குமாறும் மின்பணியாளரிடம் தொடக்கத்திலேயே எழுத்தில் கூறிவிட்டால், தன்னியக்கத்தை ஐந்தாண்டு கழித்துச் சேர்த்தாலும் சுவரை உடைக்க நேராது. செலவைக் குறைக்க விரும்புவோர் கருவிகளைத் தள்ளிப்போடலாம். இந்தக் கம்பியைத் தள்ளிப்போடலாகாது.

மின்விசிறி தனிக் கவனம் கோருவது. தூரிகையற்ற நேர்மின்னோட்ட மோட்டார் கொண்ட புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட் அளவே பயன்படுத்தும். பழைய வகை 70 வாட்டுக்கு மேல் கொள்ளும். புதுவகைக்குள் தனக்கென மின்னணுச் சுற்று இருப்பதால் அதைச் சுவர் ரெகுலேட்டருடன் இணைத்தல் கூடாது. ரெகுலேட்டர் உள்ள நுண்ணறிப் பலகையை வாங்கிவிட்டுப் பின்னர் புதுவகை விசிறியை மாட்டுவது அடிக்கடி நிகழும் வீண்செலவு.

விழித்திருக்கும் கருவிகளுக்கும் மின்சாரம் செலவாகும். ஒரு சுவிட்ச் பகுதி அரை வாட் கொள்கின்றது எனக் கொண்டால், 80 பகுதிகள் கொண்ட வீட்டில் அது 40 வாட். 60 நாளில் ஏறத்தாழ 58 அலகு. மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்துபோனால் சில சுற்றுகளில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். அப்போது இக்கருவிகள் ஒருசேரப் பழுதாகும். மிகையழுத்தக் காப்பு உணர்த்தியும் மின்னெழுச்சிக் காப்பியும் முதன்மைப் பலகையிலேயே இடம்பெற வேண்டும்.

கம்பியா, கம்பியின்மையா

மயிலாப்பூரின் ஒடுங்கிய மனைகளில் வீடு மேல்நோக்கி வளரும். ஒவ்வொரு தளத்துக்கும் இடையிலுள்ள இரும்பு வலுவூட்டிய கான்கிரீட், வை-ஃபை அலைகளைப் பெரிதும் தடுக்கும். தியாகராய நகரில் அடுத்தடுத்த கட்டடங்களின் வை-ஃபை அலைகள் 2.4 கிகாஏர்ட்சு அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. சிக்பீயும் அதே அலைவரிசையிலேயே இயங்குகின்றது. இசட்-வேவ் கருவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவோர், அது இந்தியாவுக்குரிய 865-867 மெகாஏர்ட்சு பட்டையில் இயங்குவதா எனப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க வகை இங்கு பொருந்தாது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பிணையக் கம்பியும் ஓரிரு வெற்றுக் குழாய்களும் இட்டு, சிறு உணரிகளை மட்டும் கம்பியில்லா முறையில் விடுவதே நடைமுறைக்கு ஏற்றது. பிணையக் கம்பியை மின்கம்பியோடு ஒரே குழாயில் செலுத்தலாகாது.

உணரிகளின் இடம்

அசைவு உணரி உடல் வெப்பத்துக்கும் சூழல் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பது. மே மாத நண்பகலில் இவ்வேறுபாடு சுருங்குவதால் குளிரூட்டப்படாத கூடத்தில் அதன் கூர்மை குறையும். பூசையறையில் புகை உணரி வைத்தால் சாம்பிராணிக்கு அலறும்; அங்கும் சமையலறையிலும் வெப்ப உணரியே தகும். உருளையில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, ஆகவே அதன் கசிவு உணரி தரைக்கு அருகிலும், குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்குக் கூரைக்கு அருகிலும் பொருத்தப்படும். கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்குமாதலால் அடையாற்றின் கடலோர வீடுகளில் வெளிப்புறக் கருவிகளுக்கு மூடிய பெட்டிகள் தேவை.

வெள்ளமும் புயலும்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது; மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. இந்நாட்களை மனத்திற் கொண்டே கட்டுப்பாட்டுப் பலகையையும் மின்மாற்றிக் கலங்களையும் தரைத்தளத்தில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். மின்பூட்டுகள் உள்ளிருந்து மின்சாரமின்றியும் திறக்கக்கூடியவையாக இருத்தல் இன்றியமையாதது. வாயிற்கதவு மோட்டாருக்குக் கைச்சாவியும் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியோர் மட்டும் வாழும் வீடுகள் இப்பகுதிகளில் பல. தொலைவிலிருந்து பூட்டைத் திறக்கலாம் என்ற வசதி, இணையம் அற்ற இரவில் எவ்வகையிலும் உதவாது.

இணைய வழங்கியை நம்பும் கருவிகளுக்கு வேறோர் இடரும் உள்ளது. அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றித் தன் வழங்கிகளை நிறுத்தியபோது அதன் பயனர்களின் தொலைக் கட்டுப்பாடு ஒரே நாளில் முடங்கிற்று. வீட்டுக்குள்ளேயே இயங்கும் மையக்கருவியைத் தேர்ந்தால் இது நேராது.

ஒப்படைப்பு

பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவுடன் ஒளிப்படம் எடுத்து வைப்பது நல்ல வழக்கம். பணி முடிந்ததும் கம்பி வரைபடம், கருவிப் பட்டியல், முதன்மைக் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் உரிமையாளர் ஒப்பந்தக்காரரிடமிருந்து எழுத்தில் பெற்ற பின்னரே இறுதித் தவணையைச் செலுத்துதல் வேண்டும்.